உன் அப்பாவின் தோள்கள்

தம்பி,

சுகமாயிருக்கிறாயோ என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருந்து நீ எடுத்த போன் கோலுக்குப் பிறகு எனக்கு வயிறு எரிகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எரிகிறது. மத்தியானம் போட்ட சோறு தட்டில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. போனிலேயே உனக்கு நல்ல பேச்சுக் கொடுத்திருப்பேன். ஆனால் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு, "மகன் என்னவாம்? என்னவாம்?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "கூறைச்சேலை எடுத்தாச்சோ எண்டு கேக்கிறான்" என்று அவருக்கு ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன். சொல்ல நினைத்ததை எல்லாம் இப்போது எழுதுகிறேன். ரயிலில் நின்றுகொண்டு வாசிக்காதே. அறைக்குப் போய், இருந்து வாசி.

நீ சொன்னதை உனக்கே ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன். "அம்மா, கலியாணம் முடியுமட்டும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போகாதேங்கோ. கௌசி வீட்டுக்காரர் ஒருமாதிரிக் கதைக்கினமாம். பாலறுகைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வைக்கட்டும். அப்பா ஹோலில பின்னுக்கு இருந்தாக் காணும்." வாய் கூசாமல் சொன்னாய். பாலறுகு என்றால் என்ன என்று உனக்கு மறந்து போய்விட்டதோ? கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைப் பலகையில் இருத்தி, பெற்றவர்கள் இரண்டு கையாலும் பாலும் அறுகம்புல்லும் எடுத்து அவன் உச்சியில் வைத்துக் குளித்துத் தோய அனுப்புவது. பெற்றவர் கை வைக்காத தலைக்கு ஊர் என்ன பெயர் சொல்லும் என்று உனக்குத் தெரியும். தகப்பன் செத்தவனுக்குத்தான் பெரியப்பன் முன்னுக்கு வருவான். உன் அப்பா உயிரோடு இருக்கிறார், தம்பி. நேற்றும் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்குத் தெரியும், இது எங்கே தொடங்கியது என்று. சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போய்வருவதை நம்முடைய ஒழுங்கையில் யாரோ மோப்பம் பிடித்து, "அங்க உடம்பைப் பிடிச்சு மனவருத்தத்துக்கு வைத்தியம் செய்யினமாம்" என்று உன் மாமனாராக வரப்போகிற கௌசியின் தகப்பன் காதில் போட்டிருக்கிறார்கள். அந்த மனிதர் பெரியப்பாவுக்குப் போன் எடுத்து, "மாப்பிள்ளையின்ர தகப்பனுக்கு என்ன, மூளைப் பிசகோ?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா உடனே, "சீச்சீ, நாரிப்பிடிப்பு, இடுப்பு நோ" என்று மழுப்பியிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது சரி. ஊரை நான் கணக்கில் எடுப்பதில்லை. நீ ஊர் இல்லையே. நீ நான் பெற்ற பிள்ளை. உன் அப்பா எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்று உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அவர் ஆமியின் தடுப்புமுகாமில் இருந்து விடப்பட்டு வந்த பிறகு நீ சில மாதம்தான் எங்களோடு இருந்தாய். உன்னை அவசரமாக வெளியே அனுப்பிவிட்டோம். ஆகவே அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. உன் அப்பாவின் கை தோளுக்கு மேலே போகாது. சட்டை போட நான் பிடித்துக் கொடுக்கவேண்டும். கைகளைப் பின்னால் கட்டி உயரத் தூக்கி வைத்திருந்தார்கள் என்று ஒரே ஒருநாள் சொன்னார், பிறகு அந்தக் கதையே இல்லை. அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. நான் தேத்தண்ணி கொண்டு பின்பக்கத்தால் வந்தால், கதிரையோடு துள்ளி எழும்புவார். ஒருமுறை சுடுதண்ணி என் கையில் கொட்டிக் கொப்பளித்தது. கட்டிலில் படுக்கமாட்டார், கதவைப் பார்த்தபடி சாய்மனைக் கதிரையிலேயே கிடப்பார். நான் தொட்டால் கூசிச் சுருங்குவார். கலியாணம் முடித்த நாள் முதல் என்னை ஒரு வார்த்தை வைது அறியாத மனிதர், என் கை பட்டால் தட்டிவிடுவார். நான் என்ன நினைத்தேன் தெரியுமோ? அவரை வெளியே எடுக்க நான் போதிய அளவு ஓடித்திரியவில்லை, அந்தக் கோபம் அவருக்கு என்மேல் இருக்கிறது என்று நினைத்தேன். குசினிக்குள் அடுப்படியில் நின்று எத்தனை நாள் அழுதேன் என்று உனக்கு யார் சொல்லுவார்கள்?

டொக்டர்மாரிடம் போகாமல் இல்லை. போனோம். ஒருவர் நெஞ்செரிவுக்குக் குளிசை தந்தார். அடுத்தவர் நித்திரைக் குளிசை தந்தார். அதைப் போட்டால் மனிதர் நாள்முழுக்க வாய்பிளந்து தூங்குவார், எழும்பினால் பழையபடி கதவைப் பார்ப்பார். இன்னொருவர் அவருடைய முகத்தையே பார்க்காமல், "வயசு போகுதுதானே, அம்மா" என்று என்னிடம் சொன்னார். வயதோ! அப்போது அவருக்குத் தலைகூட நரைக்கவில்லை. "நெஞ்சு கல்லா இருக்கு, டொக்டர்" என்று நம் சனம் சொன்னால், நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்புகிறார்கள். ஒன்றும் இல்லையாம்! அவர்கள் படித்த படிப்பில் தீயை வைக்க என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

பிறகு அந்த வெளிநாட்டுக்காரியின் கூத்து. அதை நீ கட்டாயம் அறியவேண்டும். எங்கிருந்தோ ஒரு நிறுவனம் வந்து, பிடிபட்டு வந்தவர்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் உடம்பு வழியாக மனத்தை ஆற்றும் பயிற்சி என்று ஒரு மண்டபத்தில் நடத்தியது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, நான்தான் அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனம் உள்ள பெண்பிள்ளைதான், நான் குறை சொல்லவில்லை, மஞ்சள் மயிரும் சிரித்த முகமும். வந்தவுடன் எல்லாரையும் மண்டபத்தின் நடுவில் நிற்கவைத்து, புருசனும் மனைவியும் கட்டிப்பிடித்து ஒருவர் மூச்சை ஒருவர் கேளுங்கள் என்றாள். தெரியாத ஆம்பிளைகளுக்கு முன்னால்! உன்னை வளர்த்து ஆளாக்கிய பிறகும் நானும் அப்பாவும் ஆட்களுக்கு முன்னால் பஸ்ஸில்கூட ஒரு சீற்றில் நெருங்கி இருந்ததில்லை. பெண்கள் எல்லாம் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தோம். சரி, அவளுடைய ஊரில் அது வழக்கம், போகட்டும் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னாள். தான் முன்னால் ஒரு கதிரையில் இருந்தாள். ஒவ்வொருவராகத் தனக்கு முன்னால் வந்து, நின்று, கண்ணைப் பார்க்கவேண்டுமாம். தான் ஒன்றும் பேசாமல் மெல்லத் தலையை ஆட்டுவாளாம். நான் உன்னைக் காண்கிறேன், நீ பத்திரமாக இருக்கிறாய் என்று அதற்குப் பொருளாம். வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் போய், கதிரையில் இருக்கிற ஆளுக்கு முன்னால் முகத்தைக் காட்ட, அந்த ஆள் தலையை ஆட்டுவது! கொழும்பில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்த எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும் அது என்ன என்று. முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு, தலையாட்டி என்று ஒரு காட்டிக்கொடுப்பவன் இருப்பான், சனம் அவனுக்கு முன்னால் நடக்கவேண்டும், அவன் தலை அசைந்தால் அந்த ஆள் வீட்டுக்கு வரமாட்டான். முதல் ஆளுக்கு அவள் தலையை ஆட்டினாள். அடுத்தது உன் அப்பா. அப்படியே நிலத்தில் குந்தி, தலையைக் கையால் மூடிக்கொண்டார், அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால், தம்பி. அவரை மூட என்னிடம் என் சேலைத் தலைப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளை பாவம், என்ன நடந்தது என்றே விளங்காமல் முழிசிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவதான் ரெஜினா மிஸ். கொட்டாஞ்சேனைக்காரி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகக் கனகாலம் இருந்து, பிறகு உளவளத்துணை என்கிற கவுன்சிலிங்கும் படித்தவ. பெரிய தொண்டை, பெரிய உடம்பு, கூச்சநாச்சம் கிடையாது. "ஸ்டாப்! கதிரைய எடுங்க! வரிசைய கலைங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினா பார், மண்டபம் அதிர்ந்தது. வெளிநாட்டுக்காரியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் இங்கிலிஷில் வாங்கு வாங்கு என்று வாங்கினா. திரும்பி வந்து, அப்பாவின் பக்கத்தில் போகாமல், தள்ளி நிலத்தில் இருந்துகொண்டு, "ஐயா, இது மண்டபம். நான் ரெஜினா. கதவு ரெண்டும் தெறந்து கெடக்கு. நீங்க இப்பவே போகலாம், இருக்கலாம், ஒங்க இஷ்டம்" என்றா. அப்பா எழும்பி நடந்தார். பின்னால் ஓடிய என்னிடம் மிஸ் தன் வீட்டு விலாசத்தைச் சொல்லி, "அவரு வாரேன்னா மட்டும் கூட்டிட்டு வாங்க. இழுத்துக்கிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டா.

அவராக வருகிறேன் என்று சொல்லக் கனநாள் எடுத்தது. முதல் நாள் நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். அது மிஸ்ஸின் வீட்டு முன்னறை. வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது, றோட்டில் மீன்காரன் கத்திக்கொண்டு போனான். எந்தக் கதிரை வேண்டும் என்று அப்பாவையே எடுக்கவிட்டா. அவர் சுவரோடு முதுகு படும்படி இருந்தார். "செருப்பக் கழட்டுங்க ஐயா. காலத் தரையில வச்சுப் பாருங்க. குளிருதா, சுடுதா? அத மட்டும் சொல்லுங்க." அப்பா கனநேரம் யோசித்து, "குளிருது" என்றார். "சரி, அவ்வளவுதான் இன்னைக்கி. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றா மிஸ். எனக்கு வந்த கோபம்! "இதுக்கோ மிஸ் ரெண்டு பஸ் ஏறி, செக்பொயின்ற் எல்லாத்திலும் இறங்கி ஏறி வந்தனாங்கள்?" என்று கேட்டேவிட்டேன். "ஓம், இதுக்குத்தான். அவர் கால் அவர்கிட்ட இருக்கான்னு மொதல்ல பாப்போம்" என்று மிஸ் சிரித்தா. பஸ்ஸில் வரும்போது அப்பா செருப்புக்குள் கால்விரலை அசைத்துக்கொண்டே வந்தார். நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

மிஸ் ஒருநாளும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. யார் பிடித்தது, எங்கே வைத்தது, என்ன செய்தது, ஒன்றும் இல்லை. "கொழும்புல தமிழாக்களுக்கு வாயத் தெறக்கிறதே பயம், நான் வேற கேக்கணுமா?" என்பா. அவ கேட்டது எல்லாம் உடம்பை. பிடரி இறுக்கமோ, மூச்சு எவ்விடத்தில் நிற்கிறது, கையை எந்த அளவுக்குத் தூக்கினால் பயம் வருகிறது, அதற்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள் என்று. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்க முந்தி அவருக்கு கையால என்ன செஞ்சு குடுப்பீங்க?" என்று கேட்டா. எனக்கு வெட்கம் பிடுங்கியது. பிறகு யோசித்து, சனிக்கிழமைகளில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிடுவேன் என்றேன். "அதச் செய்ங்க. ஒங்க வீட்டுல, நான் பாக்கமாட்டேன். ஆனா முன்பக்கமா வாங்க. கையில இருக்கிற எண்ணெயக் காட்டுங்க. வைக்கட்டான்னு கேளுங்க. வேணாம்னா கைய எடுத்துருங்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். அடுத்த சனி கேட்டேன், வேண்டாம் என்றார். சூடாக்கிய எண்ணெயை ஒவ்வொரு சனியும் என் தலையிலேயே தேய்த்துக்கொண்டேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. மிஸ்ஸிடம் போய், "எந்தநாளும் வேண்டாம் வேண்டாம் எண்டுறார். என்ன வைத்தியம் இது? என்னை அவமானப்படுத்திறதுக்கோ?" என்று சத்தம் போட்டேன். மிஸ்ஸும் சத்தம் போட்டா. "சொல்லட்டும்! நல்லா சொல்லட்டும்! அங்க வேணாம் வேணாம்னு எத்தன தடவ கத்தியிருப்பாரு? ஒருத்தனாவது கைய எடுத்தானா? நீங்க எடுக்கிறீங்க. அவரு வேணாம்னா ஒரு கை நிக்குதுன்னு அந்த ஒடம்பு இப்பதாம்மா படிக்குது. அதுதான் மருந்து." அவருடைய "வேண்டாம்" எனக்குச் சொன்னது அல்ல என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரு சனிக்கிழமை நான் கேட்டபோது அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "ம்... வையுமன்" என்றார். உச்சியில் கை வைத்தேன். "காணும், போதும்" என்றார், எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அழுதோம். இப்போது ஒவ்வொரு சனியும் தேய்க்கிறேன், பிடரி வரை, தோள் வரை. நல்லெண்ணெய் மணத்தோடு வெயிலில் இருந்து பேப்பர் பார்ப்பார். தோய்ந்த பிறகுதான் கொட்டாஞ்சேனைக்குப் போவோம். கட்டிலில் படுக்கிறார், தம்பி. போன மாதம் பஸ்ஸில் நெரிசலில் நான் விழப்பார்க்க, என் கையைப் பிடித்தார், இறங்கும் மட்டும் விடவில்லை. இதை வளர்ந்த பிள்ளைக்கு எழுத வெட்கப்படவேண்டிய வயது எனக்கு. நான் வெட்கப்படவில்லை. போன என் புருசன் எனக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். அதை நிறுத்து என்கிறாய் நீ, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கை இன்னும் தோளுக்கு மேலே போவதில்லை. போகவேண்டியதும் இல்லை. நீ பலகையில் இருக்கப்போகிறாய், உன் தலை அவருடைய நெஞ்சுக்குக் கீழே இருக்கும். அவருடைய கை அதுவரை வரும். மிஸ்ஸுக்கு முன்னால் ஒரு முக்காலியில் என்னை இருத்தி அவர் இரண்டு கையையும் என் தலைவரை கொண்டுவந்து பார்த்துவிட்டார். "மகன்ர தலைக்கு இது காணும்தானே?" என்று மிஸ்ஸிடம் கேட்டார். அந்த மனிதரைத்தான் நீ பின்வரிசைக்கு அனுப்புகிறாய்.

இனி, நாங்கள் மூன்று பேரும் இவ்வளவு காலம் கதைக்காததைக் கதைக்கிறேன். அன்றைக்குப் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் நீ. ட்யூஷன் முடிந்து அவர் வேலை செய்த கந்தோருக்குப் போய், இரண்டு பேருமாக வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தீர்கள். ஆமிக்காரன் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்று கண்டு அவரை இறங்கச் சொன்னான். உன்னைக் காட்டி, இது யார், கூட வந்ததோ என்று கேட்டான். அவர் சிங்களத்தில், "நே மாத்தயா, மம தனியம" என்றார். இல்லை ஐயா, நான் தனிய வந்தனான் என்று. உன்னைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போனார். நீ மூச்சுக் காட்டாமல் அப்படியே இருந்து, வீட்டுக்கு வந்து, வாசலில் ஓங்காளித்துச் சத்தி எடுத்துவிட்டு எனக்குச் சொன்னாய். அதற்குப் பிறகு நீ அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. அவர் திரும்பி வந்த பிறகும் அவருடைய முகத்தை நேராகப் பார்த்ததில்லை. நான் கண்டுகொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் மிஸ்ஸின் அறையில் அவர் தானாகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை. கையைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, "பஸ்ஸால இறங்கேக்க எனக்கு ஒரேயொரு பயம்தான். இவன் 'அப்பா' எண்டு கூப்பிட்டுவிடுவானோ எண்டு ஈரல்குலை நடுங்கிச்சுது. கெட்டிக்காரன். வாயே திறக்கேல்ல. அங்க இருந்த நாளெல்லாம் அதை நினைச்சுத்தான் தாங்கினனான்" என்றார். கேட்டாயோ? நீ எதை நினைத்து உன்னையே தின்றுகொண்டிருக்கிறாயோ, அதை நினைத்துத்தான் அவர் உயிர் தப்பியிருக்கிறார். நீ பேசாமல் இருந்தது அவருக்கு நீ செய்த உதவி. ஆனால் இன்றைக்கு எந்த ஆமிக்காரன் உன்னைக் கேட்கிறான்? அன்றைக்கு உன்னைக் காப்பாற்ற அவர் உன்னைத் தெரியாது என்றார். இன்றைக்கு நீ அவரைத் தெரியாது என்கிறாய், யாரைக் காப்பாற்ற?

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றுமில்லையாம், ஆனால் நோகிறது என்று எழுதியிருந்தாய். ஒன்றுமில்லை என்று சொல்கிற டொக்டர்மாரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வயிற்றில் என்ன கிடக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவைக் கண்டால் உனக்கு வெட்கம் என்று நான் நினைக்கவில்லை. கண்டால் அந்தப் பஸ் வந்துவிடும் என்று பயப்படுகிறாய். அதனால்தான் பின்வரிசை. அப்படியென்றால் அதைச் சொல்லு, நான் விளங்கிக்கொள்வேன். சம்பந்தி வீட்டாரின் தலையில் போடாதே.

சம்பந்தி வீட்டாரிடம் நானே போய்விட்டேன். இன்றைக்குக் காலையில், கோயிலுக்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிருலப்பனைக்கு, கௌசி வீட்டுக்குப் போனேன். கௌசியின் தகப்பன் வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றார். இருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்தது, அடித்தது, தலையாட்டி, சாரம் நனைந்தது, நல்லெண்ணெய், எல்லாம். "அவருக்கு விசர், மூளைப் பிசகு ஒண்டும் இல்லை. அடிச்சவனுக்குத்தான் விசர். இதுக்கு மேல கலியாணம் வேணுமோ வேண்டாமோ எண்டு நீங்கள் முடிவு செய்யுங்கோ. ஆனால் என்ர மனுசன் ஒளிச்சு இருக்கமாட்டார்" என்றேன். "அதுக்கில்ல... நாலு பேர்..." என்று இழுத்தார். "அந்த நாலு பேரையும் கூப்பிடுங்கோ, நானே சொல்லுறன்" என்றேன். கௌசியின் தாய் மட்டும் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தா. தகப்பன் கடைசியில், "தேத்தண்ணி போடுங்கோ" என்றார். அது சம்மதமோ என்னவோ, நான் குடித்தேன்.

கௌசி என்னோடு பஸ் ஹோல்ட் வரை நடந்து வந்தாள். பஸ் தூரத்தில் வரும்போதுதான் கேட்டாள். "மாமி, அவர் போனில கதைச்சுக்கொண்டு இருக்கேக்க சிலநேரம் ஒரு சத்தமும் வராது. லைன் கட்டாயிட்டுதெண்டு நான் ஹலோ ஹலோ எண்டுவன். கட்டாகேல்ல, மாமி. அவர் மூச்சு விடாம நிக்கிறார். உங்களப்பற்றி, மாமாவப்பற்றிக் கதைச்சாத்தான் அப்பிடி. நான் ஏதும் பிழையாக் கதைச்சுப்போட்டனோ எண்டு ஒவ்வொருமுறையும் யோசிப்பன். என்னைப் பிடிக்கேல்லையோ எண்டும் யோசிப்பன்." அவளுடைய கண் கலங்கியிருந்தது. குசினிக்குள் நின்று நான் அழுத அழுகை அது, தம்பி. இன்னும் கலியாணம்கூட முடியவில்லை, அந்தப் பிள்ளை இப்போதே அழத் தொடங்கிவிட்டாள்.

வருகிற சனிக்கிழமை அவள் எங்களோடு கொட்டாஞ்சேனைக்கு வருகிறாள். அவளாகக் கேட்டாள், நான் ஓம் என்றேன். தன்னில் ஏதும் பிழையோ என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, அது என் வாயால் வரக்கூடாது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளுக்குப் போன் எடு. பஸ்ஸில் நடந்ததைச் சொல். மூச்சு நின்றால் நிற்கட்டும், அவள் காத்திருப்பாள். "பிழை உன்னில் இல்லை" என்று அவளுக்குச் சொல். அந்த ஒரு வார்த்தையை உன் அப்பாவின் வாயால் கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அவளை அப்படி இருக்கவைக்காதே.

அம்மா